பவளப்பாறைக்கு இன்சூரன்ஸ்: பணம் வந்து என்ன செய்வார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மெக்சிகோவில் பவளப்பாறைக்குப் புயல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களாம், பக்கத்து நாடுகளும் சேர்ந்திருக்கின்றனவாம், பவளம் உடைந்தபின் பணம் வந்து என்ன ஆகப்போகிறது, கடலே சூடாகிக்கொண்டிருக்கும்போது இது வெறும் கண்துடைப்புதானே, நம் மன்னார் வளைகுடாவுக்கு இது சரிப்படுமா? வரிசையாக மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். பவளப்பாறைக்கு வரும் எந்தக் கேட்டை நாடுகள் கூடித் தடுக்க முடியும், எதை முடியாது? அந்த மெக்சிகோப் பக்கத்துப் பாறையை வைத்தே இதைச் சொல்லலாம். ஏனென்றால் இரண்டு வகைக் கேடும் அங்கே ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன.

முதலில் இன்சூரன்ஸ். நம் ஊர் கார் இன்சூரன்ஸ் மாதிரி ஆள் வந்து பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, பில் கேட்டுப் பணம் தருவது அல்ல இது. கடலுக்கு அடியில் எத்தனை பவளம் உடைந்தது, அதன் விலை என்ன என்று யார் கணக்குப் போடுவது? அதனால் காற்றின் வேகத்தையே அளவுகோலாக வைத்துவிட்டார்கள். கின்டானா ரூ மாநிலம் 2019இல் எடுத்த பாலிசியில், கடற்கரையை ஒட்டிக் குறித்துவைத்த பகுதிக்குள் 100 நாட், அதாவது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் புயல் வந்தால் பணம் வரும். வேகம் கூடக் கூடத் தொகையும் கூடும். பவளம் உடைந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. 2020 அக்டோபரில் டெல்டா புயல் வந்தபோது சுமார் 8.5 லட்சம் டாலர் கிடைத்தது. பவளப்பாறைக்காக எடுத்த பாலிசியில் பணம் வந்தது அதுதான் முதல் தடவை.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. 95 நாட் வேகத்தில் மெதுவாக நகரும் புயல், வேகமாகக் கடந்துபோகும் 105 நாட் புயலைவிட அதிகம் உடைக்கலாம். பாறையை உடைப்பது நேரடியாகக் காற்று அல்ல, அலை. ஆனால் அந்த 95 நாட் புயலுக்கு ஒரு பைசா வராது. கட்டணம் கட்டியும் பணம் வராத ஆண்டுகளில் அரசியல்வாதிகளுக்கு இது வீண் செலவாகத் தெரியும். பாலிசியைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் உண்மையான சிக்கல் வரும்.

பணத்தின் அளவைவிட அது வரும் வேகம்தான் முக்கியம். எல்க்ஹார்ன் என்று ஒரு பவளம். அகன்ற, தட்டையான கிளைகள் கொண்டது. அலையை முதலில் முட்டி நிற்கும் பாறை முகட்டைக் கட்டியதே பெரும்பாலும் அதுதான். புயலில் அதன் கிளைகள் முறிந்து மணலில் விழும். விழுந்தவுடன் சாவதில்லை, முறிந்த துண்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வது அதன் இயல்பே. ஆனால் அலையில் உருண்டு மணலோடு உரசிக்கொண்டே இருந்தால் மேல்தோல் போன்ற உயிர்ப்பகுதி தேய்ந்துவிடும், அல்லது மணல் மூடிவிடும். ஆகவே சில நாட்களிலிருந்து சில வாரங்கள்தான் அவகாசம். அரசாங்கக் கோப்பு நகர்ந்து, டெண்டர் விட்டு, படகு வாடகைக்கு எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்காகத்தான் மீனவர்களையும் முக்குளிப்பு வழிகாட்டிகளையும் பூங்கா ஊழியர்களையும் முன்கூட்டியே பயிற்றுவித்துக் குழுக்களாக வைத்திருக்கிறார்கள். கடல் அடங்கியதும் முதல் ஆள் இறங்கிப் பார்த்து, எந்த இடம் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார். அடுத்து மரக்கிளை, வலை, கூரைத் தகடு போன்ற குப்பையை எடுக்க வேண்டும். அவை அடுத்த அலையில் சம்மட்டி மாதிரி அடிக்கும். பிறகு தலைகீழாகக் கவிழ்ந்த பெரிய பவளங்களைக் கடப்பாரையாலும் காற்றுப் பைகளாலும் தூக்கி நிமிர்த்துவார்கள். பெரியதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், மேசை அளவு வளர அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும் என்பதுதான். சிறு துண்டுகளைப் பிளாஸ்டிக் கூடைகளில் சேர்த்து, அலை குறைவான இடத்தில் தண்ணீருக்கு அடியிலேயே வைப்பார்கள்.

ஒட்டுவதுதான் கை நிறைய வேலை. பாறையில் ஒட்டப்போகும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பாசி மிச்சமிருந்தால் சிமென்ட் பாசியோடு ஒட்டும், பாறையோடு ஒட்டாது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சிலிக்காத் தூள் கலந்து, கெட்டியான களியாகப் பிசைந்து, பிளாஸ்டிக் பையில் அடைத்துக் கீழே அனுப்புவார்கள். முறுக்குப் பிழிவது மாதிரி பையின் மூலையை வெட்டிப் பிழிய வேண்டும். துண்டை அதில் அழுத்தும்போது உயிருள்ள பகுதியில் கொஞ்சமாவது பாறையைத் தொட வேண்டும். சிமென்ட் தற்காலிகப் பிடிமானம்தான். சில வாரங்களில் பவளம் தானே பாறை மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும், அதுதான் நிரந்தரம். பெரிய கிளை என்றால் ஆணி அடித்துப் பிளாஸ்டிக் வார்ப்பட்டியால் கட்டுவதும் உண்டு.

எங்கே தவறும் என்றால், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில். களி தளர்வாக இருந்தாலோ அலையின் இழுப்பு மிச்சமிருந்தாலோ சிமென்ட் கரைந்து புகைபோலக் கிளம்பிப் பக்கத்துப் பவளத்தின் மேல் படியும். இன்னொன்று யார் கையிலும் இல்லை. 2020இல் காமா, டெல்டா, ஸேட்டா என்று ஒரே அக்டோபரில் மூன்று புயல்கள் அந்தக் கரையைத் தாக்கின. டெல்டாவுக்குப்பின் ஒட்டியவற்றுக்கு மூன்று வாரம்கூட முடியவில்லை, ஸேட்டா வந்துவிட்டது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது? பவளப்பாறை அலையின் ஆற்றலைச் சராசரியாக 97 சதவீதம் உறிஞ்சிவிடும் என்று 2014இல் வெளிவந்த, பல கடல்களின் அளவீடுகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது; அதில் பெரும்பங்கு முகட்டிலேயே அடங்கிவிடுகிறது. முகட்டின் உயரம் குறைந்தால் கரைக்கு வரும் வெள்ளச் சேதம் கூடும் என்பதிலும் சந்தேகமில்லை. ஹோட்டல்கள் நிறைந்த கான்குன் பக்கத்தில் அரசாங்கம் இதற்குப் பணம் கட்ட இசைந்ததற்கு அந்தக் கணக்குத்தான் காரணம், பவளத்தின் மேல் பாசம் அல்ல. சந்தேகத்துக்குரியது வேறு: ஒட்டிய ஆயிரக்கணக்கான துண்டுகள் முகட்டின் உயரத்தை அலை உணரும் அளவுக்கு மீட்டுத் தருமா? சில நூறு சதுர மீட்டரில் முடிகிற வேலையை நூறு கிலோமீட்டர் நீளப் பாறைக்கு நீட்டிச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். இருக்கும் பவளம் வீணாகச் சாகாமல் காப்பது என்ற அளவில் வேலை நல்ல வேலை. பாறையையே திரும்பக் கட்டுகிறோம் என்பது மிகை.

இனி நாடுகள் சேர்ந்தது பற்றி. யுகாட்டான் முனையிலிருந்து ஹோண்டுராஸின் பே தீவுகள்வரை ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு ஓடும் இந்தப் பாறை மெக்சிகோ, பெலீஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் என்ற நான்கு நாடுகளுக்குப் பொதுச் சொத்து. பவளத்தின் முட்டையும் மீன் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து போகும். ஒருவர் நாட்டில் முட்டையிட்ட களவா அடுத்தவர் நாட்டில் வலையில் விழும். பாறையைச் சேர்ந்து காப்போம் என்று நான்கு நாட்டுத் தலைவர்களும் 1997 ஜூன் 5 அன்று டுலும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அது ஒரு விருப்ப அறிக்கை. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. உலக அளவில் 1994இல் எட்டு நாடுகள் தொடங்கிய பன்னாட்டுப் பவளப்பாறை முன்முயற்சியும் அப்படித்தான், கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாத கூட்டணி. இப்படிப்பட்ட காகிதங்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அதன் பின்னால் பிறந்த இரண்டு சாதாரண ஏற்பாடுகள் உண்மையாக வேலை செய்தன.

ஒன்று, நான்கு நாட்டுக்கும் பொதுவான நிதியம், 2004இல் அமைந்தது. மெக்சிகோவில் ஒரு மாநிலம் தொடங்கிய இன்சூரன்ஸை மற்ற மூன்று நாட்டுப் பாறைகளுக்கும் நீட்டியது இதுதான். 2022 நவம்பரில் லிஸா புயல் பெலீஸைத் தாக்கியபோது டர்னெஃப் பவளத்தீவுக்குச் சுமார் 1.75 லட்சம் டாலர் இரண்டு வாரத்துக்குள் வந்து சேர்ந்தது. தனியாகப் பாலிசி எடுக்கப் பெலீஸ் மாதிரிச் சிறு நாட்டுக்குக் கட்டுபடியாகாது. பல இடங்களைச் சேர்த்து ஒரே கட்டாக வாங்கினால் எல்லா இடத்திலும் ஒரே ஆண்டு புயல் அடிக்காது என்பதால் கட்டணம் குறையும். இரண்டாவது, பொதுவான மதிப்பெண் அட்டை. 2008 முதல் சுமார் இரண்டாண்டுக்கு ஒருமுறை நான்கு நாட்டிலும் ஒரே முறையில் அளக்கிறார்கள்: பவளத்துக்குப் பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பட்டை, மீனுக்கு முப்பது மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். உயிர்ப்பவளம் எவ்வளவு, சதைப்பற்றுள்ள பாசி எவ்வளவு, பாசி தின்னும் மீன் எவ்வளவு, விற்கும் மீன் எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். நாடு நாடாகப் பெயர் போட்டு வெளியிடுகிறார்கள். பக்கத்து நாட்டைவிட மதிப்பெண் குறைந்தால் அமைச்சருக்கு உறுத்தும். தண்டனைப் பிரிவு செய்யாததை இந்த ஒப்பீடு கொஞ்சம் செய்கிறது.

கிளிமீன் கதையில் இது தெளிவாகத் தெரியும். 1983–84இல் கரீபியன் கடல் முழுவதும் நீண்ட கருமுள் கொண்ட கடல் முள்ளெலிகள் நோய் வந்து பத்தில் ஒன்பதுக்கு மேல் மடிந்தன. பாறையில் பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். அவை போனபின் அந்த வேலை கிளிமீன் தலையில் விழுந்தது. பாசி மண்டினால் பவளக் குஞ்சு ஒட்ட இடமிருக்காது. ஆனால் களவாவும் சங்கரா வகைகளும் குறையக் குறைய, மீனவர்கள் கிளிமீனைத்தான் பிடிக்கத் தொடங்கினார்கள். பெலீஸ் 2009இல் தடை போட்டது, பே தீவுகள் 2010இல், குவாத்தமாலா 2015இல், மெக்சிகோ 2019இல் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பத்தாண்டு ஆகியிருக்கிறது பாருங்கள், ஒரு மீனுக்கு. தடை மட்டும் போட்டால் போதாது என்பதும் அங்கே தெரிந்தது: தோலுரித்துத் துண்டு போட்டுவிட்டால் எந்த மீன் என்று யாருக்குத் தெரியும்? பெலீஸ் சந்தையில் வாங்கிய மீன் துண்டுகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது தடைக்குப் பிறகும் சில கிளிமீனாகவே இருந்தன. இந்தச் சிக்கலுக்காகத்தான் கரைக்கு வரும் ஒவ்வொரு துண்டிலும் அடையாளத்துக்கு ஒரு சிறு தோல் பட்டையை விட்டுவைக்க வேண்டும் என்ற விதி. சட்டத்தில் ஒரு வரிதான். ஆய்வாளர் கையில் அதுதான் முழு ஆதாரம்.

பெலீஸ் இன்னும் சில காரியங்கள் செய்தது. 2010 முடிவில் இழுவை மடியை முற்றிலும் நிறுத்தியது, பிற்பாடு கடலில் எண்ணெய் எடுப்பதற்குத் தடைச் சட்டம் போட்டது. 2018இல் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பாறை நீங்கியது. 2021இல் வெளிநாட்டுக் கடனில் 55.3 கோடி டாலர் பத்திரத்தைத் தள்ளுபடி விலையில் திரும்ப வாங்கி, மிச்சமான பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கடல் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டது. இது தனியாகவே எழுத வேண்டிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

தோற்ற இடமும் உண்டு. குவாத்தமாலா நகரத்துக் குப்பை, மோதாகுவா ஆற்றில் சேர்ந்து கடலுக்கு வந்து ஹோண்டுராஸின் ஓமோவா கரையில் ஒதுங்குகிறது. குப்பை போடுபவர் ஒரு நாட்டில், அள்ளுபவர் இன்னொரு நாட்டில். கிளிமீனில் நான்கு நாட்டுக்கும் லாபம் பொது. இங்கே செலவு ஒருவருக்கு, பலன் மற்றவருக்கு. ஆண்டுக்கணக்கில் பேச்சு நடக்கிறது. ஆற்றில் மிதவைத் தடுப்புகள் போட்டுப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் ஆறு திடீரெனப் பெருகிக் குப்பை மலையாக வந்து மோதும்போது அவை தாங்குவதில்லை. துணையாறான லாஸ் வாகாஸில் 2022இல் வைத்த இரும்பு வேலிக்கு அடியில் மண் அரித்து அது செயலிழந்தது. கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக்கைவிட, கண்ணுக்குத் தெரியாத சாக்கடை நீரும் உரமும்தான் பாசிக்குத் தீனி. அதைத் தடுக்கக் கழிவுநீர் நிலையம் கட்ட வேண்டும். அதற்குக் காசு போட யாரும் முன்வருவதில்லை.

நோயும் எல்லை பார்ப்பதில்லை. 2014இல் ஃபுளோரிடாவில் தென்பட்ட ஒரு திசு உதிர்வு நோய் 2018இல் மெக்சிகோ, 2019இல் பெலீஸ், 2020இல் ஹோண்டுராஸ் என்று இறங்கி வந்தது. இருபதுக்கு மேற்பட்ட பவள இனங்களை, அதிலும் மூளைப் பவளங்களை, சில வாரங்களில் வெறும் எலும்பாக்கிவிடும். அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் ஓரத்தில் பூசினால் அந்தப் புண் நிற்கிறது. இன்னொரு இடத்தில் புதிதாக வராமல் தடுப்பதில்லை. நாடுகள் தகவல் பகிர்ந்ததால் ஹோண்டுராஸ் பக்கத்தில் முன்னமே தயாராக இருக்க முடிந்தது, அவ்வளவே.

இப்போது உங்கள் கடினமான கேள்வி, சூடு. பவளம் வாழும் இடத்தில் வழக்கமான உச்சக் கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக ஒரு வாரம் நின்றால் அதை ஒரு ‘டிகிரி வாரம்’ என்று கணக்கிடுகிறார்கள். கடைசிப் பன்னிரண்டு வாரக் கூட்டுத்தொகை 4 ஆனால் பவளம் நிறமிழந்து வெளிறத் தொடங்கும், 8 ஆனால் சாவு தொடங்கும். அமெரிக்காவின் நோவா அமைப்பு செயற்கைக்கோள் வழியாக ஐந்து கிலோமீட்டர் துல்லியத்தில் எல்லாக் கடலுக்கும் இதை இலவசமாக வெளியிடுகிறது. பவளத்துக்கான பன்னாட்டு ஒத்துழைப்பில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 2023இல் கரீபியனில் அந்த எண் பல இடங்களில் 16ஐத் தாண்டியதால், 8ஐயே உச்சமாக வைத்திருந்த எச்சரிக்கை அளவுகோலில் மேலே புதிய படிகள் சேர்க்க வேண்டியதாயிற்று. ஹோண்டுராஸின் தேலா விரிகுடாவில் கொக்காலித்தோ என்ற பாறை. நல்ல எல்க்ஹார்ன் காடு, 2023 செப்டம்பரில் உயிர்ப்பவளம் 46 சதவீதம். 2024 பிப்ரவரியில் 5 சதவீதம். புயல் இல்லை, வலை இல்லை, காற்று வேகம் எதையும் தொடவில்லை. அதனால் இன்சூரன்ஸும் வரவில்லை. அந்தப் பாலிசிகள் சூட்டுக்கு எழுதப்பட்டவை அல்ல.

2024 மதிப்பெண் அட்டையை எடுத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 2.3லிருந்து 2.5 ஆக ஏறியது. காரணம் மீன், பாசி தின்னும் மீனும் விற்கும் மீனும் இரண்டுமே கூடின. அதே அட்டையில் உயிர்ப்பவளம் 19இலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. சட்டமும் காவலும் எட்டிய இடத்தில் ஏற்றம், எட்டாத இடத்தில் இறக்கம். ஆகவே கண்துடைப்பு என்று சொல்வது தவறு, காப்பாற்றிவிட்டார்கள் என்பதும் தவறு. மேய்கிற மீன் அதிகம் உள்ள பாறை, சூட்டில் அடிபட்டபின் சீக்கிரம் தேறும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. அடுத்த சூடு எத்தனை ஆண்டு கழித்து வரும் என்பதைப் பொறுத்தது அது. புவி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2018இல் சொன்னது. அந்த நான்கு நாடுகள் கூடி முடிவெடுக்கக்கூடிய விஷயமல்ல இது.

மன்னார் வளைகுடாவுக்கு வருகிறேன். இன்சூரன்ஸை அப்படியே கொண்டுவருவது பொருந்தாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளத்துக்கு 2010இலும் 2016இலும் பெரிய அடி கொடுத்தது சூடு, புயல் அல்ல. அலைக்கு எதிரே முகட்டில் நிற்கும் எல்க்ஹார்னும் இங்கே கிடையாது. கிளிமீன் தடையையும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கக் கூடாது. அங்கே முள்ளெலி செத்துப்போனதால் வந்த நெருக்கடி அது. எடுத்துக்கொள்ளத் தகுந்தது மதிப்பெண் அட்டைதான். 2016இல் இந்தியப் பக்கம் வெளிறியது போலவே எதிரே கற்பிட்டிக் கடலிலுள்ள பவளமும் வெளிறியது, தண்ணீர் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே நீளப் பட்டையில், பங்குனிச் சூடு ஏறுமுன் ஒரு தடவை, தென்மேற்குப் பருவக்காற்று அடங்கிக் கடல் தெளிந்தபின் ஒரு தடவை அளந்து ஒரே அட்டையில் வெளியிடலாம். மீன்பிடி எல்லைத் தகராறு தீரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பவளம் எண்ணுவதற்கு யாரும் எல்லை தாண்ட வேண்டாம், அவரவர் பக்கத்தில் அவரவர் எண்ணினால் போதும்.